கருவிப் பெட்டி முதலில், வாகனம் பிறகு

நிலத்தை விட்டு வெளியேற நேர்ந்த விவசாயிக்கு இறுதியில் எஞ்சுவது அவனுடைய இரண்டு கைகளே. அந்தக் கைகள் ஒரு தொழிலைப் பழகி, அந்தத் தொழிலுக்குரிய நாலு கருவிகளும் சேர்ந்துவிட்டால், குடும்பம் ஒருவாறு நிமிர்ந்து விடுகிறது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பல ஆண்டுகளாக நாம் கண்டுவரும் உண்மை இது. 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வின்போதும், 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையின் பின்னரும், 2006-2007 காலத்தில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியேறிய வேளையிலும், ஏர் பிடித்தவர்கள் பலர் சாந்தகப்பை பிடித்தார்கள். சிலர் வாளும் உளியும் எடுத்து ஓடாவி வேலைக்குப் போனார்கள். வேறு சிலர் வெல்டிங், நீர்ப்பம்பி திருத்துதல், மின்னிணைப்பு என்று பழகிக்கொண்டார்கள்.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பின்பு வீட்டுத் திட்டங்கள் வந்தன. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கிழக்கு மாகாணத்துக்கென 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக உரிமையாளர் கையிலேயே கொடுக்கப்பட்டு, அவரே ஆள் பிடித்துக் கட்டுவிக்கும் ஏற்பாடு அது. அக்காலத்தில் எமது மேசன்மாருக்கும் ஓடாவிமாருக்கும் ஓய்வு இருக்கவில்லை. இன்று வேலை இருக்கிறது, ஆனால் அது ஓரிடத்தில் இல்லை. இன்று ஆரையம்பதியில், நாளை கொக்கட்டிச்சோலையில், மறுநாள் மண்டூரில் என்று தேடிப் போகவேண்டியுள்ளது. ஆகவே கருவிகளை ஏற்றிச் செல்ல ஒரு வாகனம் வேண்டும் என்ற பேச்சு அநேக வீடுகளில் எழுந்துள்ளது.

நியாயமான பேச்சுத்தான். ஆனால் அந்தப் பேச்சு எந்தப் பணத்தை நம்பி எழுகிறது என்பதையும் நாம் பார்க்கவேண்டும். ஒரு வீட்டில் அது பெரும்போக அறுவடையில் மிஞ்சிய பணம். இன்னொரு வீட்டில் காணிக்கோ கால்நடைக்கோ கிடைத்த நட்டஈடு. வேறொரு வீட்டில், மத்திய கிழக்கு நாடொன்றில் அடுத்தவர் பிள்ளையைத் தூக்கி வளர்த்து ஒரு தாய் அனுப்பிய பணம். இந்தப் பணம் ஒருமுறை கைதவறினால் மறுமுறை வருவதற்கு ஆண்டுகள் செல்லும். எனவே எந்த வாகனம், எப்போது, எந்த முறையில் என்பதைக் குடும்பம் முழுவதும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும் என்பதே எமது கருத்து. அதற்கு உதவியாகச் சில விடயங்களை இங்கே முன்வைக்கிறோம்.

கருவி உழைக்கும், வாகனம் உண்ணும்

முதலில் ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வோம். சுவரை எழுப்புவது சாந்தகப்பையும் தூக்குக்குண்டும் நீர்மட்டமும். கதவைச் செய்வது சீவுளியும் உளியும். வாகனம் இவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவே. கருவி பெட்டிக்குள் கிடந்தால் சோறு கேட்காது. வாகனமோ வீட்டு வளவில் நின்றாலும் செலவு கேட்கும். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, ரயர், பற்றரி, எஞ்சின் எண்ணெய் என்று அதன் பசி ஓயாது.

எமது முன்னோர் கரத்தை வைத்திருந்தார்கள். அந்தக் கரத்தையை இழுத்த மாடுகளே வயலையும் உழுதன, எருவையும் தந்தன. ஏற்றி இறக்குவதற்கென்று மட்டும் ஒரு மாட்டை எவரும் கட்டித் தீனி போடவில்லை. இந்தக் கணக்கை இன்றைய வாகனத்துக்கும் பொருத்திப் பார்க்கவேண்டும். வேலை இல்லாத நாளில் இந்த வாகனம் வேறென்ன செய்யும் என்பதே வாங்குமுன் கேட்கவேண்டிய முதலாவது கேள்வி.

பாதுகாப்பு என்பது எது?

வாகனம் பார்க்கப் போகிறவர்கள் அநேகமாகக் கேட்பது, “பூட்டு நல்லதா?” என்பதாகும். பூட்டு அவசியமே. ஒரு கிறைண்டரும் ஒரு துளையிடும் இயந்திரமும் களவு போனால் ஒரு தொழிலாளி பல வாரங்கள் கூலிக்காரனாகக் கல் சுமக்கவேண்டி வரும். ஆயினும் இடம்பெயர்ந்து வாழ்ந்த எமக்குக் கள்வன் ஒருவன் மட்டும் பகைவன் இல்லை. மூன்று பகைவர்கள் இருக்கிறார்கள்.

முதலாமவன் கள்வன். இவனைப் பூட்டும் அயலவர் கண்ணும் தடுக்கும்.

இரண்டாவது பகை, கடன். தவணை தவறினால் வாகனம் பட்டப்பகலில் எடுத்துச் செல்லப்படும். அதற்கு எந்தப் பூட்டும் உதவாது. வாகனத்தோடு கருவிப் பெட்டி பொருத்தப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

மூன்றாவது பகை, வெள்ளமும் ஓட்டமும். 2011 ஜனவரியில் கிழக்கை மூடிய வெள்ளத்தை எவரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே உலுக்கியது. 2007 மார்ச்சில் எறிகணைகளின் மத்தியில் படுவான்கரையை விட்டு வந்தவர்கள், எதைத் தூக்க முடிந்ததோ அதையே கொண்டுவந்தார்கள். கால்நடையாக வந்தோர் பலர். சைக்கிளிலும் லாண்ட்மாஸ்டரிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் வந்தோர் பலர். கருவிகளைக் கொண்டு வரமுடிந்தவர் முகாமில் இருந்தபடியே நாட்கூலிக்குப் போனார். விட்டுவிட்டு வந்தவர் நிவாரணத்துக்காக வரிசையில் நின்றார்.

இந்த மூன்று பகைக்கும் ஈடுகொடுக்கக் கூடியதே எமக்குப் பாதுகாப்பான வாகனம். ஒன்றுக்கு மட்டும் ஈடுகொடுப்பது அரைப் பாதுகாப்பு.

பூட்டிய வாகனமே போதும் என்று நினைப்பவர்களுக்கு இங்கிலாந்தின் அனுபவத்தையும் சொல்லலாம். அங்கே தச்சரும் குழாய் பொருத்துபவரும் மின்னிணைப்பாளரும் இரும்புக் கதவுகள் கொண்ட மூடிய வான்களை வைத்திருக்கிறார்கள். இருந்தும் அந்த வான்களிலிருந்து கருவிகள் களவு போவது அந்நாட்டில் பெருந் தொல்லையாகி விட்டது. பக்கக் கதவின் மேல்விளிம்பைப் பிடித்து வளைத்துக் கீழே இழுத்துத் திறந்து விடுகிறார்கள். அதனால், “இரவில் இந்த வாகனத்தில் கருவிகள் வைக்கப்படுவதில்லை” என்று வான்களின் பின்புறத்தில் ஒட்டி வைக்கும் வழக்கம் அங்கே பரவியுள்ளது. பணமுள்ள நாட்டின் தொழிலாளியும் கடைசியில் கண்ட உபாயம், இரவில் கருவியை வீட்டுக்குள் எடுத்து வைப்பதுதான். இந்த உபாயத்துக்குச் செலவு கிடையாது. நாமும் இன்றிரவே தொடங்கலாம்.

வாவி விதிக்கும் நிபந்தனை

கொழும்பிலோ கண்டியிலோ பொருத்தமான வாகனம் இங்கே பொருந்தவேண்டும் என்பதில்லை. எமது ஊர்களை வாவி பிரிக்கிறது. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வேலையுமாக எத்தனையோ பேர். இன்று பாலங்கள் கூடியுள்ளன. 1924இல் கட்டப்பட்ட பழைய கல்லடிப் பாலத்துக்கு அருகில் 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் யப்பான் நாட்டு உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், பாதைக்காகக் காத்திருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போன காலம் முடிந்தது. பட்டிருப்பிலும் வலையிறவிலும் பாலங்கள் உண்டு. ஆயினும் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும் நேர்வழி தண்ணீர்வழியே. அங்கே பாதையில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் இலகுவில் ஏறிவிடும். பாரமேற்றிய வாகனம் பாலத்தைத் தேடிச் சுற்றிப் போகவேண்டும். அந்தச் சுற்றுக்குரிய எரிபொருள் தினமும் கூலியிலிருந்து கழியும்.

யுத்த காலத்தில் படுவான்கரைக்குச் சீமெந்து, எரிபொருள், பற்றரி போன்றவற்றைக் கொண்டுபோகத் தடை இருந்தது. துறைகளிலும் பாலங்களிலும் கருவிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. 2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பிறகே அது தளர்ந்தது. அந்த நாட்களில் எவருடைய கருவி கைப்பெட்டி ஒன்றுக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்டு இருந்ததோ அவர் விரைவில் கடந்தார். அந்த ஒழுங்கு இன்றும் பயன் தரும்.

மழைக்காலம் இன்னொரு நிபந்தனை. ஐப்பசி தொடக்கம் தை வரையில் எமது உள்வீதிகள் பல நீருக்குள் இருக்கும். கிரானுக்கு அப்பால் புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் மக்கள் படகில் போய் வருகிறார்கள். தாழ்வான வாகனம் அங்கே உதவாது. உப்புக்காற்று மற்றொரு நிபந்தனை. கடலோரத்திலும் வாவியோரத்திலும் இரும்புத் தகடு விரைவில் கறள் பிடிக்கும். யானை நடமாடும் ஊர்களில் இருட்டுமுன் வீடு திரும்பவேண்டும் என்பதையும் மறக்கலாகாது. நடுவழியில் நின்றுவிடும் பழைய வாகனம் அங்கே உயிராபத்து.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

சைக்கிள்: இதைப் பழைமை என்று ஒதுக்க வேண்டாம். எமது நிலம் மேடுபள்ளம் இல்லாதது. மேசன் ஒருவருடைய கைக்கருவிகள் முழுவதையும் ஒரு நல்ல சைக்கிள் சுமக்கும். எரிபொருள் இல்லை, அனுமதிப்பத்திரம் இல்லை, பாதையில் ஏறும், வள்ளத்திலும் ஏறும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் அட்டை முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும்தான் முதலில் கிடைத்தன. அந்த மாதங்களில் தவறாமல் வேலைக்குப் போனவர் சைக்கிள்காரரே. சென்னையில் மீன்பாடி வண்டி என்று சொல்லப்படும் மூன்று சில்லு மிதிவண்டியில் எவ்வளவு பாரம் போகிறது என்பதையும் ஒல்லாந்து நாட்டுத் தச்சர்கள் முன்புறம் பெட்டி வைத்த சைக்கிளில் வேலைக்குப் போன வழக்கத்தையும் நினைத்துப் பார்க்கலாம். எமது வெல்டிங் கடைகளிலும் இழுவைப் பெட்டியொன்றை ஒட்டிக்கொடுக்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள். பத்துக் கிலோமீற்றருக்குள் வேலை கிடைப்பவர் இதற்கு அப்பால் போகுமுன் இருமுறை யோசிக்கட்டும்.

மோட்டார் சைக்கிள்: தூரம் கூடிய வேலைக்கு இதுவே அடுத்த படி. தனியாகப் போகும் மின்னிணைப்பாளருக்கும் பம்பி திருத்துபவருக்கும் ஏற்றது. பின்னிருக்கையின் இரு பக்கமும் பூட்டுப் போடும் தகரப் பெட்டிகள் பொருத்தலாம். பலகையையும் நீண்ட குழாயையும் குறுக்கே கட்டிக்கொண்டு ஓடுவதுதான் இதில் உள்ள பேராபத்து. நீண்ட பொருளை வேலை செய்யும் வீட்டுக்காரரே கடையிலிருந்து இறக்குவிக்கும்படி முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

முச்சக்கர வண்டி: எமது இளைஞர் அதிகம் விரும்புவது இதையே. நாட்டில் பதிவான முச்சக்கர வண்டிகள் பதினொரு இலட்சத்துக்கு மேல். மழைக்கு மறைவு உண்டு, மாலையில் வாடகைக்கும் ஓடலாம் என்கிறார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் பயணிகள் முச்சக்கர வண்டிக்குக் கதவு இல்லை. சீலைக் கூரையை ஒரு கத்தி கிழித்துவிடும். உள்ளே இருப்பது தெருவில் போகிறவருக்கெல்லாம் தெரியும். ஆட்களை ஏற்றுவதற்கென்று பதிவான வண்டியில் சீமெந்தும் இரும்பும் ஏற்றி விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணம் பெறுவதிலும் சிக்கல் வரலாம். வாடகை ஓட்டமோ, ஒவ்வொரு சந்தியிலும் வரிசையாக வண்டிகள் காத்து நிற்கும் நிலையில், எதிர்பார்த்த வருமானத்தைத் தருவதில்லை. பகலில் மேசன், மாலையில் சாரதி என்று இரு வேலையும் செய்யப் புறப்பட்டவர் பகல் வேலையையும் மெல்ல மெல்ல விட்டுவிடுவதை நாம் காண்கிறோம். பழகிய தொழில் கைநழுவுவது கருவி களவு போவதிலும் பெரிய இழப்பு.

லாண்ட்மாஸ்டர்: இது ஒரு பிரித்தானியத் தயாரிப்பின் பெயர். இங்கே எல்லாக் கை உழவு இயந்திரங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. இன்னும் துண்டு வயல் வைத்திருப்பவருக்கும், குத்தகைக்குச் செய்பவருக்கும், கூடவே மேசன் வேலையும் செய்பவருக்கும் எமது முதற் சிபாரிசு இதுவே. போகத்தில் உழும், நீர் இறைக்கும், மூடை ஏற்றும். போகம் முடிந்தால் மண்ணும் கல்லும் கருவியும் ஏற்றும். எமது பழைய கரத்தையின் கணக்குக்கு இதுவே நெருங்கி வருகிறது. குறைகளும் உண்டு. மெதுவாகப் போகும். பெட்டி திறந்தது. இரவில் பின்விளக்கோ ஒளிதெறிக்கும் தகடோ இல்லாமல் பிரதான வீதியில் போவது உயிரோடு விளையாடுவது. இதை வீதியில் ஓட்டச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ‘ஜி1’ வகுப்பு வேண்டும். முச்சக்கர வண்டிக்கு வேண்டியது ‘பி1’ வகுப்பு. ஒன்று இருந்தால் மற்றதற்கும் ஆகும் என்று எண்ணி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பட்டா: இந்தியாவில் 2005இல் அறிமுகமான சிறிய ரக லொறி, எமது நாட்டில் பட்டா என்ற பெயரில் வழங்குகிறது. ஏறத்தாழ முக்கால் தொன் பாரத்துக்கென வந்தது. பின்பக்கத்தை மூடிக் கட்டிக் கதவு போட்டுக்கொண்டால் கருவிக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. வெல்டிங் இயந்திரம், சாரப் பலகை, கொங்கிரீட் கலவைப் பொருட்கள் என்று ஏற்றி நாலைந்து பேரை வைத்து ஒப்பந்த வேலை செய்பவருக்கு இது தேவை. தனி ஆளுக்கு இது யானை கட்டித் தீனி போடுவது போன்றது.

பெட்டி செய்யும் முறை

எந்த வாகனம் எடுத்தாலும் கருவிக்கு முதல் வீடு பெட்டி. ஆகவே வாகனத்துக்குக் காசு சேருமுன்பே பெட்டியைச் செய்துவிடலாம். நாம் சொல்வது இவ்வளவே:

பெட்டி கழற்றக் கூடியதாக இருக்கட்டும். வாகனத்தில் நிரந்தரமாக ஒட்டிவிட வேண்டாம். ஆணியின் சுரைகள் பெட்டியின் உட்புறத்தில் வருமாறு பொருத்தினால், பெட்டியைத் திறந்தவரே கழற்றலாம், வெளியில் நிற்பவர் கழற்ற முடியாது. வெள்ளம் வந்தாலும் தவணை தவறினாலும் கருவி உங்களோடு வரும்.

பிணைச்சல் உட்பக்கமாக இருக்கவேண்டும். வெளியே தெரியும் பிணைச்சலின் ஊசியை ஒரு சுத்தியலும் ஆணியும் கழற்றிவிடும். ஆமைப்பூட்டின் வளையம் வெட்டுக் கத்திக்கு எட்டாதபடி சுற்றிலும் சிறிய தகட்டுக் கூடு வைக்கச் சொல்லுங்கள்.

அடித்தட்டில் சிறு துளைகள் வைத்து, மேலே பலகை பரப்புங்கள். நீர் தேங்காது, கறளும் குறையும். பெட்டியின் அடிப்புறத்துக்குத் தார் பூசலாம். வேலை முடிந்ததும் கருவியைத் துடைத்து எண்ணெய்ச் சீலை தடவி வைப்பது உப்புக்காற்றுக்கு நல்ல மருந்து.

ஒவ்வொரு கருவியிலும் உங்கள் அடையாளத்தை வெட்டுங்கள். பெயரின் முதலெழுத்தும் ஓர் இலக்கமும் போதும். ஒரு கொப்பியில் கருவியின் பெயர், வாங்கிய திகதி, இயந்திரமாயின் அதன் தொடரிலக்கம் ஆகியவற்றை எழுதி, பற்றுச்சீட்டை ஒட்டி, கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். களவு போனால் பொலிசில் முறைப்பாடு செய்யவும், பிடிபட்ட பொருள் உங்களுடையதென நிரூபிக்கவும் இதுவே சாட்சி. அழித்துவிட முடியாத அடையாளம் உள்ள கருவியை வாங்கக் கடைக்காரரும் தயங்குவார்.

வாகனக் காப்புறுதி கருவிகளையும் காக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதி, உங்களால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கு மட்டுமே. முழுமைக் காப்புறுதியும் பொதுவாக வாகனத்துக்கே உரியது. உள்ளேயிருக்கும் கருவிகளும் சேருமா என்று கேட்டு, சேரும் என்றால் அதை எழுத்தில் பெறவேண்டும்.

தவணையில் வாங்கும்போது

லீசிங் முறையில் எடுக்கும் வாகனத்தின் பதிவுப் புத்தகத்தில் முற்றான உரிமையாளர் என்று கம்பனியின் பெயரே இருக்கும். கடைசித் தவணை கட்டும் வரையில் நீங்கள் அதன் பாவனையாளர் மட்டுமே. இதை விளங்கிக்கொண்டு கையொப்பம் வைத்தால் ஏமாற்றம் இராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதத் தவணை 30,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 20 நாள் வேலை கிடைத்தால் நாளொன்றுக்கு 1,500 ரூபா தவணைக்கு மட்டும் போகும். மழை மாதத்தில் 8 நாள்தான் வேலை என்றால் அதுவே 3,750 ரூபாவாகிவிடும். எரிபொருளும் அரிசியும் பிள்ளையின் பாடசாலைச் செலவும் இதற்குப் பிறகுதான். எமது பகுதியில் கார்த்திகையும் மார்கழியும் ஒவ்வோர் ஆண்டும் வரும். தவணை அந்த மாதங்களிலும் வரும். ஆகவே நல்ல மாதத்தின் வருமானத்தைக் கொண்டு கணக்குப் போடாமல், மோசமான மாதத்தின் வருமானத்தைக் கொண்டே கணக்குப் போடுங்கள். அதிலும் கட்ட முடியும் என்றால் மட்டும் எடுங்கள்.

நாடும் எமக்குப் பாடம் கற்பித்துள்ளது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வாகனங்களின் விலையே ஏறிப்போனது. 2022 ஏப்ரல் 8ஆந் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. தனியார் வாகனங்களுக்கான இறக்குமதி 2025 தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. இவையெல்லாம் எமது கையில் இல்லாதவை. எமது கையில் உள்ளது, கடனின் அளவைச் சிறிதாக வைத்திருப்பது மட்டுமே. கிராமங்களில் நுண்கடனை அடைக்க இன்னொரு நுண்கடன் எடுத்து, எமது பெண்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். வாகனத் தவணை கட்ட மனைவியின் பெயரில் குழுக்கடன் எடுப்பது அதே குழியில் மறுபடி விழுவதாகும்.

பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். விளங்காத இடத்தைப் படித்த பிள்ளையையோ ஆசிரியரையோ கொண்டு வாசிப்பியுங்கள். தாமதக் கட்டணம் எவ்வளவு, வாகனத்தை எத்தனை தவணை தவறினால் எடுப்பார்கள், முன்கூட்டிக் கட்டி முடித்தால் என்ன கழிவு என்ற மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். பிணை நிற்கக் கேட்கும் மச்சானையும் அயலவரையும் அந்தப் பேச்சில் கூட்டிவையுங்கள். பிணை நிற்பவரின் வீட்டையும் நீங்கள் ஆபத்தில் வைக்கிறீர்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

கூடி வாங்கலாகாதா?

ஒரு கிராமத்தில் நாலு மேசன், இரண்டு ஓடாவி, ஒரு வெல்டிங்காரர் இருக்கிறார்கள். ஏழு பேரும் ஏழு முச்சக்கர வண்டிக்கு ஏழு கம்பனியில் கடன்படுவதைவிட, ஏழு பேரும் சேர்ந்து ஒரு லாண்ட்மாஸ்டரோ ஒரு பழைய பட்டாவோ வாங்குவது மேலானதல்லவா? பாரமான பொருளை வேலைத்தளத்தில் இறக்க வாரத்தில் ஒருநாள் வாகனம் போதும். மற்ற நாட்களில் கைப்பெட்டியும் சைக்கிளும் போதும்.

“கூட்டுச் சாமான் குட்டிச்சுவர் ஆகும், மகன்,” என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பார்கள். அவர்கள் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. சாவி யாரிடம் இருப்பது, எண்ணெய் யார் போடுவது, உடைந்தால் யார் திருத்துவது என்பது எழுதப்படாத இடத்தில்தான் கூட்டு முறிகிறது. எழுதிவைத்தால் பாதிச் சண்டை வராது. ஓட்டத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் கட்டி, அதில் ஒரு பகுதியைத் திருத்த வேலைக்கென வங்கிப் புத்தகத்தில் போடவேண்டும். வயலில் வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டவர்கள் நாம். உன்னிச்சைக் குளத்தின் நீரையும் நவகிரிக் குளத்தின் நீரையும் வட்டைக்கு வட்டை பங்கிடத் தெரிந்த சமூகத்துக்கு ஒரு வாகனத்தை நாளுக்கு நாள் பங்கிடுவது இயலாத காரியமாகாது. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கட்டடத்தில் இரும்புக் கதவு போட்ட ஓர் அறையைக் கருவி அறையாக ஒதுக்கினால், களவுக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்து ஒரு காவல் கிடைக்கும். அறை உயரத்தில் இருக்கவேண்டும் என்பதை மட்டும் கவனிக்கவும்.

இளைஞரின் மறுப்பும் எமது பதிலும்

“சைக்கிளில் போனால் ஒப்பந்தகாரர் மதிப்பதில்லை. வாகனம் உள்ளவனைத்தான் கூப்பிடுகிறார்கள்,” என்று தம்பிமார் சொல்லக் கேட்கிறோம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. நேரத்துக்கு வந்து சேர்பவரையே எவரும் விரும்புவர். தூரத்து வேலைகளில் கூலியும் கூட. இருபத்திரண்டு வயதில் முதுகில் பெட்டி சுமந்து பஸ்ஸில் இடிபட்டுப் போகும் பிள்ளையிடம், பொறுத்திரு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது.

அதனால் நாம் சொல்வது படிமுறை. முதல் ஆண்டில் கருவியையும் பெட்டியையும் முழுமையாக்குங்கள். இரவல் கருவியில் வேலை செய்பவர் எந்த வாகனத்தில் வந்தாலும் இரவல்காரரே. அடுத்து, வேலைக்குப் போன நாள், இடம், தூரம், கூலி ஆகியவற்றை ஆறு மாதம் கொப்பியில் எழுதுங்கள். வாகனம் இல்லாததால் இழந்த வேலை எத்தனை என்பதையும் எழுதுங்கள். அந்தக் கொப்பியே எந்த வாகனம் வேண்டும் என்பதைச் சொல்லும். பத்து வேலையில் ஒன்றுதான் இழக்கப்பட்டதென்றால், அன்றைக்கு மட்டும் வாடகை வாகனம் பிடிப்பது இலாபம். பாதி வேலை இழக்கப்படுகிறதென்றால் வாகனம் நியாயமானது. அப்போது பெருந்தொகையை முன்பணமாகக் கட்டி, சிறு தவணையில், பழையதாயினும் எஞ்சின் நல்லதான வாகனத்தை, திருத்துநர் ஒருவரைக் கூட்டிப்போய்ப் பார்த்து வாங்குங்கள். அதன் சில்லுகளுக்கும் அடித்தட்டுக்கும் வெள்ளம் பட்டதா என்று கட்டாயம் பாருங்கள். உதிரிப் பாகம் களுவாஞ்சிக்குடியிலோ செங்கலடியிலோ கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

இந்தப் பேச்சில் வீட்டுப் பெண்களுக்கு முதலிடம் இருக்கவேண்டும். மழை மாதத்தில் கடைக்காரரிடம் கடன் சொல்லி அரிசி வாங்குபவர் அவர். “இஞ்சாருங்க, கார்த்திகையில தவணைக்கு என்ன செய்யிற?” என்று அவர் கேட்கும் கேள்வியைத் தடையாக எண்ணாதீர்கள். கம்பனி அலுவலர் கேட்காத அந்தக் கேள்விதான் குடும்பத்தைக் காக்கிறது.

காணிக்குத் திரும்பியவர்களும், இன்னும் திரும்ப முடியாமல் கூலிக்குப் போகிறவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். இருவருக்கும் தொழிற்கருவி என்பது கையில் உள்ள விதைநெல். விதைநெல்லை அடைவு வைத்து எவரும் வண்டி வாங்குவதில்லை. இந்தப் பெரும்போகம் வெட்டி முடிந்து பணம் கைக்கு வரும்போது, கடைத்தெருவுக்குப் போகுமுன் ஒரு மாலை குடும்பமாகக் கொப்பியை விரித்து உட்காருங்கள். அயலிலுள்ள தொழிலாளரையும் கூப்பிடுங்கள். எந்த வாகனம் உங்கள் கருவியைக் கள்வனிடமிருந்தும் கடனிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் காக்கும் என்று அவர்களோடு பேசித் தீர்மானியுங்கள்.